பொதுப்பெட்டி யாருக்குப் பொது?

(திருவொற்றியூரில் தொழிலாளரும் மாணாக்கரும் கூடிய அவையில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

ஆலைப்பணி முடித்து, வீடு செல்லாமல் நேரே இங்கு வந்து அமர்ந்திருக்கும் தோழர்களே! மீன்கூடையை வாயிலில் இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மாரே! என்பால் தமிழ் பயின்று இன்று பற்பல தொழில்களில் அமர்ந்துள்ள மாணாக்கச் செல்வங்களே!

இலக்கணம் கற்பிக்கும் ஒருவனைத் தொடர்வண்டி நெருக்கடி பற்றிப் பேச அழைத்திருக்கின்றீர்கள். "பொறியாளர் எவரையேனும் அழைத்திருக்கலாமே" என்று கேட்டேன். "பொறியாளர் எண் சொல்வார் ஐயா, எங்களுக்கு எண்ணும் வேண்டும், எழுத்தும் வேண்டும்" என்றார் அழைக்க வந்த தோழர். அதற்குமேல் மறுத்துரைக்க எனக்கு வாயில்லை. எண்ணும் எழுத்துமாகவே சில செய்திகளை உங்கள் முன் வைக்கின்றேன்.

நாம் கூடியிருக்கும் இவ்விடத்திற்குத் தெற்கே இராயபுரம் தொடர்வண்டி நிலையம் நிற்கின்றது. 1856-ஆம் ஆண்டு சூன் திங்கள் 28-ஆம் நாள் அன்றைய ஆளுநர் ஆரிசு பெருமகனார் அதனைத் திறந்து வைத்தார். தென்னாட்டின் முதல் தொடர்வண்டி அங்கிருந்துதான் வாலாசா வரை ஓடிற்று. மும்பைக்கும் தானேவுக்கும் இடையே 1853-இலேயே வண்டி ஓடியது உண்மையே. ஆயினும் அவ்விரு நிலையங்களின் முதற்கட்டடங்கள் இன்றில்லை. இத்துணைக்கண்டத்தில் இன்றளவும் நிலைத்து நிற்கும் நிலையக் கட்டடங்களுள் மூத்தது நம் இராயபுரமே என்க! 1922 வரை அது இருப்புப்பாதைக் கும்பணி ஒன்றின் தலைமையிடமாகவும் விளங்கிற்று. அத்துணைப் பெருமை வாய்ந்த நிலையத்திலிருந்து இன்று நெடுந்தொலைவு வண்டி ஒன்றேனும் புறப்படுகின்றதா? இல்லை. புறநகர் வண்டி வந்து நிற்கும், போகும். இராயபுரத்தை மீண்டும் ஒரு முனையம் ஆக்குக என்று இப்பகுதி மக்கள் நெடுங்காலமாகக் கேட்டு வருகின்றனர். நிலம் உண்டு, தடம் உண்டு, வரலாறும் உண்டு, மனந்தான் இல்லை! அக்கட்டடத்தின் தூண்களை வந்து படம் பிடிப்போர் பலர். அத்தூண்களைக் கடந்து நாள்தோறும் பெட்டியின் வாயிலில் தொங்கிச் செல்வோரைப் படம் பிடிப்பார் ஒருவருமிலர்.

அங்கிருந்து வடக்கே வாருங்கள். கொருக்குப்பேட்டை, தண்டையார்ப்பேட்டை, வ.உ.சி. நகர், திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி. இவை வெறும் நிலையப் பெயர்கள் அல்ல. இந்நாட்டுத் தொழில் வரலாற்றின் பொருளடக்கம். தீப்பெட்டி ஆலையின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கமே ஒரு நகரின் பெயராயிற்று. ஈருருளி உந்து, சரக்குந்து, உருளைப் பட்டை, கன்னெய், உரம், அனல்மின்னாற்றல் என எத்தனை பொருள்கள் இக்கடற்கரைப் பட்டையில் பிறந்தன! எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை எரிந்து சென்னைக்கு ஒளி தந்தது. அதன் சாம்பலைத் தின்றவர் இங்கிருந்தவர்; விளக்கின்கீழ் அமர்ந்தவர் வேறு எங்கோ இருந்தவர். வ.உ.சி. பெயரில் ஒரு நிலையம் இருப்பதையும் எண்ணிப் பாருங்கள். வெள்ளையன் கப்பலில் நம் மக்களும் சரக்கும் சென்றது போதும், நமக்கென ஊர்தி வேண்டும் என்று 1906-இல் கப்பல் கும்பணி கண்ட பெருமகன் அவர். அவர் பெயர் தாங்கிய நிலையத்தில், வந்து நின்ற வண்டியில் கால் வைக்க இடமின்றி அடுத்த வண்டிக்குக் காத்து நிற்கின்றான் அவர் பேரன்.

இந்த நெருக்கடி எவ்வாறு வந்தது? மக்கள்தொகை பெருகிற்று, ஆகவே கூட்டம் பெருகிற்று என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். அது பாதி உண்மை. மறுபாதியை நான் சொல்கின்றேன்.

தெற்கே கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை புறநகர் வண்டிகளுக்கென்றே தனி இணைத்தடம் உண்டு. 1931-லேயே அது மின்தடமாயிற்று. வடதடத்தின் நிலை வேறு. கும்மிடிப்பூண்டி வரை ஏறத்தாழ 48 கி.மீ. நீளும் இத்தடம், ஐதராபாத்துக்கும் தில்லிக்கும் கொல்கத்தாவுக்கும் செல்லும் நெடுஞ்செலவு வண்டிகள் பலவற்றுக்கு வாயில். துறைமுகத்தின் கொள்கலங்கள், நிலக்கரி, கன்னெய் ஆகியவற்றை ஏற்றிச் செல்லும் சரக்குவண்டிகளும் இவ்வழியே. அத்திப்பட்டுக்கு வடக்கே இவை யாவற்றுக்கும் இரண்டே தடம் என்ற நிலையிலேயே ஆண்டுகள் பல கழிந்தன. விரைவுவண்டிக்கு வழிவிட வேண்டும். சரக்குவண்டி தடம் மாறும்வரை பொறுக்க வேண்டும். இடையில் நிற்பது எது? ஐந்து உருபா கொடுத்தவன் ஏறிய வண்டி!

ஒன்று நின்றால் என்னாகும் என்று கணக்கிடுங்கள். காலை நேரத்தில் ஒரு வண்டி பத்து மணித்துளி தாழ்ந்தால், அடுத்த நிலையத்தில் பத்து மணித்துளிக் கூட்டம் கூடுதலாகச் சேரும். கூடுதல் கூட்டம் ஏற நேரம் பிடிக்கும். வண்டி இன்னும் தாழும். அதற்கு அடுத்த நிலையத்தில் கூட்டம் மேலும் பெருகும். பின்னால் வரும் வண்டியோ பாதி வெறுமையாக வரும். ஆகவே தாழ்ச்சிதான் கூட்டத்தைப் பெருக்குகின்றது; கூட்டம் தாழ்ச்சியைப் பெருக்குகின்றது. வண்டிகளின் எண்ணிக்கை மாறாமலிருந்தாலும், அவை ஒழுங்கிழந்தால் மக்கள் நசுங்குவர். இதனை அறியாத அதிகாரி எவருமிலர்.

2024 அக்தோபர் 11-ஆம் நாள் இரவு கவரைப்பேட்டையில் நிகழ்ந்தது உங்கட்கு நினைவிருக்கும். மைசூரிலிருந்து தர்பங்காவுக்குச் சென்ற விரைவுவண்டி கிளைத்தடத்தில் புகுந்து, அங்கு நின்றிருந்த சரக்குவண்டியில் மோதிற்று. நல்வாய்ப்பாக உயிரிழப்பு நேரவில்லை. ஆயினும் இத்தடமே அடைபட்டது. ஓரிடத்தில் முடிச்சு விழுந்தால் மூச்சே நின்றுபோகும் அளவுக்கு இத்தடம் இறுக்கப்பட்டுள்ளது என்பதை அவ்விரவு காட்டிற்று.

'ஒற்றி' என்பதற்கு அடைமானம் என்று பொருள் உண்டு. ஒற்றியூர்க்காரர்களாகிய நீங்கள் அப்பொருளை மறவாதிருத்தல் வேண்டும். உங்கள் தடத்தைச் சரக்குக்கும் நெடுஞ்செலவுக்கும் ஒற்றி வைத்துவிட்டு, எஞ்சிய இடுக்கில் உங்களை ஏற்றுகின்றனர்.

இனி, மூடிய பெட்டிகளைப் பற்றிப் பேசுவோம். இன்றைய கூட்டத்திற்கு அதுவே உயிர்ப்பகுதி.

வகுப்பில் ஆண்டுதோறும் 'பொது' என்னும் சொல்லைச் சொல்லி அதன் பொருள் கேட்பது என் வழக்கம். 'எல்லார்க்கும் உரியது' என்பான் ஒருவன். 'நடுநிலை' என்பான் மற்றொருவன். சில ஆண்டுகட்கு முன் ஒரு சிறுவன் எழுந்து, "பொது என்றால் கூட்டமாக இருப்பது ஐயா" என்றான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் கண்ட பொதுக்கள் எவை? பொதுப்பெட்டி, பொது மருத்துவமனை, தெருமுனைப் பொதுக்குழாய். மூன்றிலும் அவன் கண்டது நெருக்கடி ஒன்றே. அகராதி எழுதியவர்கட்குத் தெரியாத பொருளை அவன் வாழ்க்கை அவனுக்குக் கற்பித்துவிட்டது! 

நம் முன்னோர்க்குப் 'பொது' என்பது எத்துணை உயர்ந்த சொல்! ஊர் கூடும் மன்றத்தைப் 'பொதியில்' என்றனர். பொது இல்லம் என்பதே அதன் பொருள். ஊருக்குப் புதியவனும், இடமற்ற வழிப்போக்கனும் அங்குத் தங்கலாம். கதவு இல்லாத வீடு அது. இன்று நம் தொடர்வண்டித் துறை, பொதுவைக் கடைசிப் பெட்டிக்குத் தள்ளிவிட்டு, மற்றவற்றின் கதவுகளை ஒவ்வொன்றாக அடைத்து வருகின்றது.

இது புதுக்கதையும் அன்று. 1917-இல் காந்தியடிகள் மும்பையிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் வந்தார். 22 பேர்க்கென்று எழுதப்பட்ட பெட்டியில் பெரும்பகுதி வழியில் 35 பேர்க்குக் குறையாமல் அடைபட்டு வந்ததை அவரே எழுதி வெளியிட்டார். மேல்வகுப்புப் பயணியின் வசதிக்கும் மூன்றாம் வகுப்பினன் இழிநிலைக்கும் உள்ள இடைவெளியைக் கட்டணக் கணக்கோடு எடுத்துக் காட்டினார். வெள்ளையன் போனான். மூன்றாம் வகுப்பு என்ற பெயரும் 1974-இல் போயிற்று. இரண்டாம் வகுப்பு என்றாயிற்று. பலகையை மாற்றினர், பெட்டி மாறவில்லை. தமிழ்ப்பெயர் சூட்டினால் மட்டும் பொருள் தமிழாகிவிடாது என்று நம்மவரிடமே நான் சொல்லி வருவதுண்டு. அதுபோன்றதே இதுவும்.

மூடிய பெட்டி எத்தகைய கொடுமை செய்யவல்லது என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. 1921 நவம்பரில் மலபாரின் திரூரிலிருந்து மாப்பிள்ளைக் கிளர்ச்சியாளர் ஏறத்தாழ நூற்றுவரை ஒரு மூடிய சரக்குப்பெட்டியில் அடைத்து, சென்னை நோக்கி வந்த வண்டியோடு கோத்து அனுப்பினர். கோவையை அடுத்த போத்தனூரில் கதவைத் திறந்தபோது உள்ளே பிணக்குவியல். மொத்தம் எழுபதின்மர் மூச்சுத் திணறி மாண்டனர். அவர்கள் கைதிகள், நீங்கள் சீட்டு வாங்கிய குடிமக்கள். இரண்டையும் ஒன்றெனச் சொல்ல நான் வரவில்லை. காற்றுக்கு வழி செய்யாமல் கதவை அடைக்கலாகாது என்னும் பாடம் நூறாண்டுக்கு முன்பே உயிர்கொடுத்துக் கற்ற பாடம் என்பதற்காகச் சொல்கின்றேன்.

அந்தப் பாடம் இப்போது ஏன் வேண்டும்? 2025 சூன் 9-ஆம் நாள் மும்பையின் மும்ப்ரா நிலையத்தருகே எதிரெதிரே சென்ற இரு புறநகர் வண்டிகளில் தொங்கிச் சென்றோர் ஒருவரோடொருவர் உரசி வீழ்ந்தனர், உயிர்கள் பறிபோயின. உடனே, மும்பைப் புறநகர்ப் பாதைக்கு இனிச் செய்யும் வண்டிகள் எல்லாம் தானே மூடும் கதவுடையனவாக இருக்கும் என்று துறை அறிவித்தது. குளிரூட்டாத பெட்டியில் கதவை மூடினால் மூச்சு முட்டுமே என்று கேட்டபோது, கதவில் காற்றுத் துளைகள் வைப்போம், கூரையில் காற்றியக்கும் பொறி வைப்போம், பெட்டிக்குப் பெட்டி செல்ல வழி வைப்போம் என்றனர். நல்லது. நம் சென்னையிலும் 2018 சூலை 24-ஆம் நாள் பரங்கிமலை நிலையத்தில், தடம் மாற்றி விடப்பட்ட வண்டியின் படியில் தொங்கியோர் நடைமேடையை ஒட்டிய சுவரில் அடிபட்டு மாண்டனர். கதவு இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பர். ஆகவே கதவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்வது பிள்ளைகளைச் சாகவிடுவதாகும்.

ஆனால் ஒன்று கேட்கின்றேன். மும்பை வண்டிகளில் ஒரு சதுர மீட்டர் நிற்குமிடத்தில் 14 முதல் 16 பேர் நிற்பதாகத் துறையே கணக்குச் சொல்கின்றது. அந்நெருக்கத்திற்கு ஆங்கிலத்தில் தனிப்பெயரும் சூட்டியிருக்கின்றது. தமிழில் 'மீயடர் நெருக்கச் சுமை' எனலாம். நோய்க்குப் பெயர் வைப்பதில் வல்லவர்கள்! உள்ளே இடமில்லாததாலன்றோ ஒருவன் வாயிலில் தொங்குகின்றான்? கதவை மூடினால் அவன் எங்கே போவான்? உள்ளே புகமாட்டான், நடைமேடையில் நிற்பான். வேலைக்குப் பிந்துவான். அரைநாட் கூலி இழப்பான். கதவு அவன் உயிரைக் காக்கும். அவன் கூலியை யார் காப்பார்? முதலில் இடத்தைப் பெருக்கிப் பின்னர் கதவை மூடுவது பாதுகாப்பு. இடத்தைப் பெருக்காமல் கதவை மட்டும் மூடுவது, கூட்டத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் வெளியே தள்ளும் ஏற்பாடு.

இங்கே சென்னையில் என்ன நடந்தது? 2025 ஏப்பிரல் 19-ஆம் நாள் தென்தடத்தில் குளிரூட்டிய புறநகர் வண்டி ஓடத் தொடங்கிற்று. பன்னிரு பெட்டிகள், தானே மூடும் கதவுகள். நம் பெரம்பூர்ப் பெட்டித் தொழிற்சாலையில் தமிழ்த் தொழிலாளர் கைவண்ணத்தில் உருவான வண்டி. அழகிய வண்டிதான், பழித்தற்கு ஒன்றுமில்லை. ஆனால் கட்டணம்? தொடக்கத்தில் குறைந்த அளவு 35 உருபா என்றனர். வழக்கமான வண்டியில் குறைந்த கட்டணம் 5 உருபா. ஏழு மடங்கு! நாளொன்றுக்குப் போக வர 70 உருபாவை ஒப்பந்தக் கூலியாள் எந்தப் பையிலிருந்து எடுப்பான்? அந்த வண்டி கூடுதலாக ஓடினால் எவர்க்கும் இடரில்லை, விரும்புவோர் ஏறட்டும். வழக்கமான வண்டியின் நேரத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினால்தான் தீங்கு. அவ்வாறு நடவாது என்று இருந்துவிட வேண்டா. மும்பையில் நடந்தது.

2022 ஆகத்துத் திங்களில் மும்பை நடுவண் தொடர்வண்டித் தடத்தில், வழக்கமாக ஓடிய பத்து வண்டிகளின் இடத்தில் குளிரூட்டிய வண்டிகளை நுழைத்தனர். கல்வா, பதலாப்பூர் ஆகிய ஊர்களின் மக்கள் வெகுண்டெழுந்தனர். தலைவர் எவரும் அழைக்கவில்லை. நாள்தோறும் அந்நேர வண்டியில் சென்று வந்தவர்களே திரண்டனர். ஒரு கிழமைக்குள் அப்பத்து வண்டிகளும் மீளப்பெறப்பட்டன. அவர்கள் மராட்டியர், நாம் தமிழர். ஆயினும் கூலிக்குப் பிந்தும் அச்சம் இருவர்க்கும் ஒன்றே. வடதடத்திற்கும் ஒருநாள் குளிர்வண்டி வரும். வரும்போது, 'எந்த வண்டியின் நேரத்தில் வருகின்றது?' என்று முதற்கேள்வி கேட்க நீங்கள் ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை உணர்த்த விரும்புகின்றேன். தடுப்புகள் எல்லாம் ஒருதன்மையன அல்ல. மகளிர் பெட்டி ஒரு தடுப்புத்தான். காசிமேட்டு மீனையும் ஊர்ப்புறத்துக் காய்கறியையும் சுமந்து செல்வோர்க்குரிய விற்பனையாளர் பெட்டியும் ஒரு தடுப்புத்தான். அவை நலிந்தோரைக் காக்கும் தடுப்புகள். ஒருவரும் அவற்றைக் குறை சொல்லற்க. முதல்வகுப்பு அறையோ காசுக்கு இட்ட தடுப்பு. இந்தப் பக்கம் ஆள்மேல் ஆள். நடுவே ஒரு தகடு. அந்தப் பக்கம் வெற்றிருக்கை. காப்பதற்கு இட்ட வேலி வேறு, கழிப்பதற்கு இட்ட வேலி வேறு. புதிதாக வரும் மூடுகதவு வண்டியில் மீன்கூடைக்கு இடம் எங்கே என்று இத்தாய்மார் கேட்கின்றனர். அதற்கு விடை சொல்லாமல் எந்த வண்டியையும் 'மக்கள் வண்டி' என்று அழைத்தல் பொருந்தாது.

வகுப்புத் தடுப்பை அகற்றினால் வருவாய் கெடும், ஒழுங்கு கெடும் என்பாரும் உளர். பாரிசு மாநகர நிலத்தடி வண்டியில் முதல்வகுப்பை 1991-இல் ஒழித்தனர், அந்நகர் அழிந்துபடவில்லை. அவ்வளவு தொலைவு போவானேன்? நம் சென்னை நகரப்பெருவண்டியில் இரட்டைக் கட்டணச் சிறப்புவகுப்பு ஒன்று இருந்தது. 2020 நவம்பரில் அதனை நீக்கி மகளிர் பெட்டியாக்கினர். காசுத் தடுப்புக் காப்புத் தடுப்பாக மாறிற்று! 2021 பிப்பிரவரி 14 முதல் அப்பெருவண்டி விம்கோ நகர் வரை வருகின்றது. நம் பகுதிக்கு நன்மையே. ஆயினும் அதற்கு நான்கே பெட்டி, கட்டணமும் மிகுதி, எண்ணூரையும் மீஞ்சூரையும் அது தொடுவதில்லை. அதனைக் காட்டிப் புறநகர் வண்டியைப் புறக்கணித்தல் ஆகாது.

நெடுஞ்செலவு வண்டிகளின் கதையையும் சொல்லியாக வேண்டும். இருபதுக்கு மேற்பட்ட பெட்டிகள் கொண்ட வண்டியில் முன்பதிவில்லாப் பொதுப்பெட்டி இரண்டோ மூன்றோதான் என்ற நிலைக்குக் கொண்டுவந்தனர். எதிர்ப்பு வலுத்தபின், 2024 நவம்பரில், 370 வண்டிகளில் ஆயிரம் பொதுப்பெட்டிகளைச் சேர்ப்பதாகத் துறை அறிவித்தது. அவ்வறிவிப்பே, முன்பு குறைந்துபோயிருந்தது என்பதற்கு வாக்குமூலம் அன்றோ?

2023 சூன் 2-ஆம் நாள் ஒடியாவின் பாலசோர் அருகே நேர்ந்த பேரிடரை நினையுங்கள். கொல்கத்தாப் பக்கமிருந்து நம் சென்னை நோக்கி வந்த 'கோரமண்டல்' விரைவுவண்டி அது. (சோழமண்டலம் என்னும் நம் சொல்லே வெள்ளையன் வாயில் அவ்வாறு சிதைந்தது, சிதைந்ததையே நாமும் சொல்லி வருகின்றோம்.) 290-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். முன்பதிவுப் பெட்டியில் இருந்தோர்க்குப் பெயர்ப்பட்டியல் இருந்தது. பொதுப்பெட்டியில் வந்தோர்க்கு ஒரு துண்டுத்தாளும் இல்லை. யார் என்று தெரியாமல், கேட்பாரின்றிக் கிடந்த 28 உடல்களை நான்கு திங்கள் கழித்து, அக்தோபரில், புவனேசுவர நகராட்சியே எரியூட்டிற்று. அவ்வண்டியில் எத்தனையோ பேர் கூலிவேலை தேடிச் சென்னைக்கு வந்து கொண்டிருந்தவர்கள். வடவர் வந்து நம் வேலையைப் பறிக்கின்றனர் என்னும் குறை இவ்வவையிலும் சிலர்க்கு உண்டு. அக்குறையைக் குறைந்த கூலிக்கு ஆள் பிடிக்கும் முதலாளியிடமும், அதற்கு வழிவிடும் நடுவணரசிடமும் கேளுங்கள். பொதுப்பெட்டியில் நசுங்கி வந்து, பெயரின்றி எரிந்தவனிடம் கேளாதீர்கள்.

பெரம்பூரை மீண்டும் நினைக்கின்றேன். 1955 அக்தோபர் 2-ஆம் நாள் திறந்து வைக்கப்பெற்ற அத்தொழிற்சாலையில் செய்யப்படாத பெட்டிவகை ஒன்றில்லை எனலாம். வந்தே பாரத் என்று பெயரிட்டு 2019-இல் ஓடவிட்ட வண்டியும் அங்கே பிறந்ததுதான். முழுவதும் குளிரூட்டியது, முழுவதும் கதவடைத்தது, முன்பதிவில்லாதார்க்கு ஓரிருக்கையும் இல்லாதது! செய்யத் தெரியாததால் நமக்குப் பெட்டி இல்லையா? தறி நெய்தவன் கந்தலுடுத்தும் கதைதான். கொருக்குப்பேட்டையிலிருந்து கூப்பிடு தொலைவில் பெட்டி செய்கின்றார்கள். கொருக்குப்பேட்டையில் ஏற இடமில்லை.

பணம் இல்லை என்பார்கள். முன்பு உங்கள் சீட்டிலேயே அச்சிட்டிருந்தனர், பயணச் செலவில் நூற்றுக்கு 57 பங்கைத்தான் உங்களிடமிருந்து பெறுகின்றோம் என்று. ஐந்து உருபாச் சீட்டில் ஆண்டையின் கணக்கு! எஞ்சியது எங்கிருந்து வருகின்றது? சரக்கில் ஈட்டி மக்கள் வண்டியின் இழப்பை ஈடுசெய்வது அத்துறையின் நெடுநாள் வழக்கம். அச்சரக்கு எவ்வழியே போகின்றது? உங்கள் தெருவை அதிர வைத்துக்கொண்டு, உங்கள் கடவுப்பாதையை அடைத்துக்கொண்டு, உங்கள் வண்டியை நிறுத்திவைத்துவிட்டு இதே தடத்தில்தான் போகின்றது. எனவே அது ஈகையன்று. நீங்கள் காத்திருந்த நேரத்தின் விலை. இதனைத் துறையினரிடம் தலைநிமிர்ந்து சொல்லலாம்.

சொல்லும்போது நாள் குறித்துக் கேட்டலும் வேண்டும். 2023 ஆகத்து 27-ஆம் நாள், கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காம் தடம் இடுவதற்காக, பறக்கும் தொடர்வண்டியைச் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தினர். ஏழு திங்கள் என்றனர். 2024 அக்தோபர் 29-இல் தான் வண்டி மீண்டும் கடற்கரைக்கு வந்தது, பதினான்கு திங்கள்! வடசென்னையிலிருந்து கடற்கரை வந்து, அங்கு வண்டி மாறி மயிலைக்கும் திருவான்மியூருக்கும் சென்ற வீட்டுவேலைப் பெண்டிர் அத்தனை நாளும் பேருந்துக்குத் தனிச்செலவு செய்தனர். ஏழு எவ்வாறு பதினான்காயிற்று என்று அவர்கட்கு விளக்கம் சொல்ல யாரும் வரவில்லை. தடம் இடுவதை நாம் எதிர்க்கவில்லை. வடக்கேயும் இடுக என்றே கேட்கின்றோம். இடும்வரை என்ன மாற்று, எந்த நாளில் முடியும் என்று எழுத்தில் கேட்போம்.

இனிக் கேட்பது எவ்வாறு என்பதுதான். 'கூட்டமாக இருக்கின்றது, வண்டி வேண்டும்' என்று பொதுப்பட எழுதும் விண்ணப்பத்திற்கு, 'ஆய்வில் உள்ளது' என்று பொதுப்பட விடை வரும். எண்ணோடு போனால்தான் எண்ணோடு விடை வரும். எந்த நாள், எந்த வண்டி, எந்த நிலையத்தில் எத்தனை மணித்துளி தாழ்ந்தது, ஒன்பது பெட்டியா பன்னிரண்டா, எத்தனை பேர் ஏற இயலாமல் நடைமேடையில் நின்றனர், வண்டி இடைவழியில் நின்றபோது கடந்து சென்றது சரக்கா விரைவா என இவையனைத்தையும் ஒரு திங்கள் முழுதும் குறித்தெழுதிக் கொண்டுபோனால், கோட்டத் தொடர்வண்டிப் பயணர் கலந்தாய்வுக் குழுவில் அதனை மறுக்க எவராலும் இயலாது.

இதற்கென இருபது குறிப்பேடுகளை மாணாக்கர் கோடிட்டு வைத்துள்ளனர். மேசைமேல் இருக்கின்றன. காலை ஆறு முதல் ஒன்பது, மாலை ஐந்து முதல் எட்டு. ஒரு நிலையத்திற்கு இருவர் வீதம். திருவொற்றியூருக்கும் விம்கோ நகருக்கும் ஆள் வந்துவிட்டது. தண்டையார்ப்பேட்டைக்கு ஒருவர் குறைகின்றது. அத்திப்பட்டுக்கும் மீஞ்சூருக்கும் இன்னும் யாரும் பெயர் தரவில்லை. இரவுப்பணி முடித்துக் காலை வண்டியில் திரும்பும் தோழர்கள் ஏற்றால் எளிதாகும். கையெழுத்து அழகாயிருக்க வேண்டும் என்பதில்லை. மணி சரியாயிருந்தால் போதும். எழுதத் தெரியாத தாய்மார் வாயால் சொல்லுங்கள், பக்கத்தில் நிற்கும் மாணவன் எழுதுவான். வரும் ஞாயிறு மாலை இதே இடத்தில் முதற்கிழமைக் கணக்கைக் கூட்டிப் பார்ப்போம். பெயர் தருவோர் இப்படி வலப்பக்கமாக வாருங்கள்.